தொடக்கப் பள்ளிக் கட்டடம்: திறந்த கூடமா, மடக்குச் சுவரா, வகுப்பறைக் கொத்தா?

ஒரே நாளில் தனியாகவும் குழுவாகவும் குழந்தைகள் கற்க இடம் தரும் பள்ளியைக் கட்ட மூன்று வழிகள் உண்டு. சுவரே இல்லாத திறந்த கூடம் ஒன்று. வகுப்புகளுக்கு நடுவே மடக்குச் சுவர் வைப்பது இன்னொன்று. ஒரு பொதுக்கூடத்தைச் சுற்றி நாலைந்து வகுப்பறைகளைக் கொத்தாக அமைப்பது மூன்றாவது. நான் மூன்றாவதன் பக்கம். காரணம், சத்தம்.

திறந்த கூடப் பள்ளிகள் 1960, 70களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நிறையக் கட்டப்பட்டன. மேசைகளை நகர்த்தினாலே இடத்தின் அமைப்பு மாறிவிடும் என்பது பெரிய வசதிதான். ஆனால் பக்கத்துக் குழு பாட்டுப் பாடும்போது, இங்கே எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தை என்ன செய்யும்? இரைச்சலில் விட்டுப்போன சொல்லைப் பெரியவர்கள் ஊகித்துக்கொள்வார்கள். ஆறு வயதில் அந்தத் திறன் முதிர்ந்திருக்காது. காது மந்தமான பிள்ளைக்கு இன்னும் சிரமம். அந்தக் கூடங்கள் பலவற்றில் பிற்பாடு தடுப்புகள் எழுந்தன. 2002இல் வந்த அமெரிக்க வகுப்பறை ஒலித் தரநிலை, சாதாரண அளவு வகுப்பறையில் பின்னணி இரைச்சல் 35 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. அது ஆளில்லாத அறையில் அளப்பது. பக்கத்துக் குழுவின் பேச்சு அந்தக் கணக்கிலேயே வராது.

மடக்குச் சுவர் வரைபடத்தில் பார்க்க நன்றாக இருக்கும். ஓரங்களில் சின்ன இடுக்கு விழுந்தாலும் ஒலி கசியும். திறந்து மூடுவது சிரமமாக இருந்தால் ஆசிரியர்கள் அதைத் தொடவே மாட்டார்கள். எப்போதாவது பிரிக்க வேண்டிய பெரிய அரங்குக்குச் சரி.

கொத்து முறைக்கு நல்ல முன்மாதிரி, நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் ஹெர்மன் ஹெர்ட்ஸ்பெர்கர் 1960களில் வடிவமைத்த மாண்டிசோரி பள்ளி. அங்கே வகுப்பறைகள் ‘ட’ வடிவத்தில் இருக்கும். ஒரு பக்கம் சிலர் களிமண்ணில் வேலை செய்யலாம், மறுபக்கம் சிலர் அமைதியாகப் படிக்கலாம். அறைக்கு வெளியே வந்தால் எல்லாருக்கும் பொதுவான கூடம். நெகிழ்வு என்றால் எனக்கு இதுதான்: சேர்ந்திருக்கவும் ஒதுங்கவும் குழந்தைக்கு இடம்.

இதற்குத் தரைப்பரப்பு கூடுதலாகத் தேவைப்படும். பொதுக்கூடத்தை வெறும் நடைபாதையாக விட்டுவிட்டால் அந்தச் செலவு வீண். அங்கே தண்ணீர்க் குழாய், மின் இணைப்பு, அலமாரி எல்லாம் வேண்டும். வகுப்பறையிலிருந்து ஆசிரியர் பார்க்கும்படி கண்ணாடித் தடுப்பும் வேண்டும். அப்புறம், கூரையின் பாரத்தைத் தூண்களே தாங்கட்டும். பின்னால் வருபவர்கள் இரண்டு அறைகளை ஒன்றாக்க நினைத்தால், நடுச்சுவரை மட்டும் எடுத்தால் போதும்.