பாண்டி–கடலூர் ரோட்டு '7டி' தியேட்டர்: மாற்ற வேண்டியது படமா, விளக்கா?

பாண்டிக்கும் கடலூருக்கும் நடுவில் உள்ள ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் 24 இருக்கை கொண்ட '7டி' தியேட்டர் ஒன்று பல வருஷமாக ஓடுகிறது. பெயர் வேண்டாம். இதே வயதில், இதே நிலையில் உள்ள எந்தத் தியேட்டருக்கும் கீழே உள்ளது பொருந்தும். மூன்று படங்கள் மாறி மாறிப் போடுகிறார்கள்: சுரங்கத்துக்குள் ஓடும் குகை ரயில், பேய் வீடு, டைனோசர் காடு. ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். வெளியே வருகிறவர்கள் வாயில் ஒரே பேச்சுதான்: "அதே பழைய படம், மாத்தித் தொலைக்கக் கூடாதா?" தியேட்டரையே எடுத்துவிட்டு விஆர் நாற்காலி (முகத்தில் ஹெட்செட் மாட்டிப் பார்ப்பது) போடலாம் என்ற யோசனையும் ஓடுகிறதாம்.

எடுக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஆனால் இப்போது இருப்பது போலவே வைத்திருக்கவும் கூடாது. படம் பழசு என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் பார்த்தது பழைய படத்தை அல்ல, வெளிச்சம் செத்த படத்தை.

'7' என்ற எண்ணை முதலில் ஒதுக்கிவிடலாம். 5டி, 7டி, 9டி, 12டி என்று போடுவதற்கு எந்தத் தர நிர்ணயமும் கிடையாது; போர்டு எழுதுகிறவர் இஷ்டம். இங்கே உண்மையில் இருப்பவை 3டி படம், ஆடும் நாற்காலி, முகத்தில் காற்று, தண்ணீர்த் தூவல், காலில் உரசும் குழாய், புகை, மின்னல் விளக்கு. வாசனை என்று போர்டில் இருக்கிறது, உள்ளே இல்லை.

வெளிச்சத்தில்தான் பாதிக் கதை இருக்கிறது. சாதாரண சினிமாத் திரைக்கு வைத்திருக்கும் அளவு சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா (வெளிச்சத்தின் அலகு). 3டியில் புரொஜெக்டர் முன்னால் ஒரு ஃபில்டர், பார்ப்பவர் கண்ணில் ஒரு கண்ணாடி. இரண்டும் வெளிச்சத்தைத் தின்றுவிடும். கண்ணுக்கு 15 வந்து சேர்ந்தாலே நல்ல தியேட்டர். இங்கே காட்டுக்குள் டைனோசர் வரும் காட்சியில் இலை எது, தோல் எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அளக்கக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றினால் திரை சட்டென்று பளிச்சிட வேண்டும். கழற்றியும் மங்கல்தான் என்றால் விளக்கு முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த வகை புரொஜெக்டர்களில் உள்ள பாதரச விளக்குக்கு ஆயுள் சுமார் 2,000 முதல் 3,000 மணி நேரம். நாளுக்கு 10 மணி நேரம் எரிந்தால் 300 நாளில் 3,000 தீர்ந்துவிடும். தீர்ந்தவுடன் அணைந்து போகாது. பாதி வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருக்கும். அதனால்தான் யாரும் மாற்றுவதில்லை. ஆயுள் கடந்தும் ஓட்டினால் உள்ளேயே வெடிக்கவும் கூடும். கரன்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் இடைவெளியில் விசிறி நின்று, சூடான விளக்கு ஆறாமல் கிடப்பது அதன் ஆயுளை இன்னும் குறைக்கும். புரொஜெக்டருக்கு மட்டும் ஒரு யுபிஎஸ் போட்டிருந்தால் அந்தச் செலவு மிச்சம்.

இரட்டைப் புரொஜெக்டர் என்பதால் இன்னொரு வம்பு. வலது கண்ணுக்கான விளக்கு மட்டும் சமீபத்தில் மாற்றப்பட்டிருக்கிறது போல. இடது பக்கப் படம் பழுப்பேறி, மங்கித் தெரிகிறது. ஒரு கண்ணுக்கு வெளிச்சம் குறைந்தால் மூளைக்கு அந்தக் கண்ணிலிருந்து செய்தி கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேரும். குறுக்கே ஓடும் பொருள் இருக்க வேண்டிய ஆழத்தில் இல்லாமல் முன்னேயோ பின்னேயோ தெரியும். "தலை வலிக்குது" என்று பாதியில் கண்ணாடியைக் கழற்றும் பெரியவர்களின் புகாருக்கு இது ஒரு முக்கியக் காரணம். விளக்கை எப்போதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். கூடவே லென்ஸ் முன்னால் உள்ள போலரைசர் ஃபில்டரையும் (இரண்டு கண்ணுக்கான வெளிச்சத்தையும் பிரித்துக் காட்டும் தகடு) பார்க்க வேண்டும்: லென்ஸை ஒட்டி வைத்தால் சூட்டில் நடுவில் பழுப்பு வட்டம் விழும். கொஞ்சம் தள்ளி வைத்து, சின்ன விசிறி ஒன்று போட்டால் போதும்.

அடுத்தது திரை. 3டிக்கு வெள்ளைத் திரை ஆகாது. அலுமினியப் பூச்சுள்ள சில்வர் ஸ்கிரீன்தான் வேண்டும், ஏனென்றால் அது மட்டும்தான் போலரைஸ் ஆன வெளிச்சத்தை அப்படியே திருப்பி அனுப்பும். இந்தத் திரையின் இடது கீழ் மூலையில், ஒரு தாம்பாள அகலத்துக்கு, யாரோ வெள்ளை எமல்ஷன் அடித்திருக்கிறார்கள். கடல் ஈரத்தில் பூஞ்சை பிடித்த இடத்தை மறைக்கச் செய்த வேலையாக இருக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் அந்த இடத்தில் மட்டும் ஆழம் செத்து, தண்டவாளம் இரண்டு இரண்டாகத் தெரிகிறது. சில்வர் ஸ்கிரீனைத் துடைக்கவும் கூடாது, விரல் படவும் கூடாது. மெல்லிய பிரஷால் உலர்ந்த தூசியைத் தட்டலாம், அவ்வளவுதான். கறை பிடித்தால் முழுத் திரையையும் மாற்றுவதைத் தவிர வழி இல்லை. உப்புக் காற்று அடிக்கும் இந்தக் கரையில் காட்சி இல்லாத நேரத்திலும் ஏசியையோ ஈரமுறிஞ்சியையோ ஓட விட்டால் திரை நின்று பிடிக்கும்.

கண்ணாடி விஷயம் இன்னும் கேவலம். வாசலில் வைத்துள்ள பிளாஸ்டிக் டப்பில் இரண்டு ஜாதிக் கண்ணாடிகள் கலந்து கிடக்கின்றன: நேர்கோட்டு போலரைசர் ஒன்று, வட்ட போலரைசர் ஒன்று. புரொஜெக்டரில் உள்ள ஃபில்டர் எந்த ஜாதியோ அதே ஜாதிக் கண்ணாடிதான் வேலை செய்யும். மற்றதைப் போட்டால் இரண்டு படமும் இரண்டு கண்ணுக்கும் கலந்து வரும். ஒரே வரிசையில் அண்ணன் அலற, தம்பி "ஒண்ணும் தெரியலயே" என்று முழிப்பது இதனால்தான்.

எது எது என்று பிரிக்க வாஷ்பேசின் கண்ணாடி போதும். 3டி கண்ணாடியை மாட்டி, ஒரு கண்ணை மூடி, எதிரே தெரியும் உங்கள் முகத்தைப் பாருங்கள். திறந்திருக்கும் கண்ணின் சில்லு கறுப்பாகத் தெரிந்தால் அது வட்ட போலரைசர். மூடிய கண்ணின் சில்லு கறுப்பாகத் தெரிந்தால் நேர்கோடு. இந்தத் தியேட்டரின் ஃபில்டர் நேர்கோடு என்பது தலையைச் சாய்த்தால் தெரிகிறது: சாய்க்கச் சாய்க்கப் படம் இரட்டிக்கிறது. நாற்காலி ஆடி ஆளைச் சாய்க்கும் தியேட்டருக்கு நேர்கோடு சரியான தேர்வே அல்ல. ஃபில்டரையும் கண்ணாடியையும் வட்டத்துக்கு மாற்றுவது தியேட்டரை இடிப்பதைவிட எவ்வளவோ மலிவு. கழுவும்போது வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் மேல் படலம் வெளுத்துவிடும்.

நாற்காலிகள் மூன்று மூன்றாக ஒரு தளத்தில் நிற்கின்றன. அடியில் மூன்று காற்று சிலிண்டர்கள்: முன்பின் சாய்வு, பக்கச் சாய்வு, மேல்கீழ். இரண்டாவது வரிசை வலது ஓரத் தளம் படம் ஓடாதபோதே ஒரு பக்கமாக இறங்கி நிற்கிறது. சிலிண்டர் தண்டின் குரோம் பூச்சில் உப்பு அரித்துக் குழி விழுந்திருக்கும், அந்தக் குழி ரப்பர் சீலைக் கிழிக்கும், காற்று கசியும். சீல் மட்டும் மாற்றினால் கொஞ்ச நாளில் மறுபடி கிழியும், தண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். இறங்கும்போது "டக்" என்று முதுகெலும்பில் இடிப்பது சிலிண்டர் முனையில் உள்ள குஷன் தேய்ந்ததன் அடையாளம்.

முகத்தில் காற்று அடிக்கும் இடத்தில் ஒரு வேடிக்கை. பேய் வீட்டுப் படத்தில் தண்ணீர்க் காட்சியே கிடையாது. ஆனாலும் முகம் நனைகிறது. பக்கத்தில் இருந்தவர்கள் "சூப்பர் எஃபெக்ட்" என்று கை தட்டினார்கள். அது எஃபெக்ட் அல்ல, கம்ப்ரஸர் டேங்கில் சேர்ந்த ஈரம். நம் ஊர்க் காற்றில் டேங்கில் தண்ணீர் மளமளவென்று சேரும். தினமும் அடிக் குழாயைத் திறந்து வடிக்க வேண்டும், வழியில் உள்ள ஃபில்டர் கிண்ணத்தையும் காலி செய்ய வேண்டும். அந்தத் தண்ணீரில் எண்ணெயும் துருவும் கலந்திருக்கும். நிஜத் தூவலுக்கான தொட்டியிலும் தினசரி தண்ணீர் மாற்றுவது கட்டாயம். தேங்கிய தண்ணீரை மூக்குக்கு நேரே தூவுவது நுரையீரலுக்கு ஆகாது.

டைமிங்கும் கெட்டிருக்கிறது. குகை ரயிலில் தொடக்கத்தில் ஓரளவு சரி; போகப் போகப் பாறை முதலில் விழுந்து, நாற்காலி பிறகு குலுங்குகிறது. தாமதம் படம் முழுக்க ஒரே அளவில் இருந்தால் கட்டுப்பாட்டு மென்பொருளில் ஓர் எண்ணை மாற்றினால் தீர்ந்தது. தாமதம் வளர்ந்துகொண்டே போனால் வேகமே பொருந்தவில்லை என்று பொருள். வினாடிக்கு 24 ஃப்ரேம் படத்தைப் புதிய பிளேயர் 25 ஃப்ரேமில் ஓட்டினால் 300 வினாடிப் படம் 288 வினாடியில் முடிந்துவிடும். நாற்காலிக்கான கோப்பு 12 வினாடி பின்னால் நிற்கும். பழைய கணினி போய் மலிவுப் பிளேயர் வந்த தியேட்டர்களில் அடிக்கடி நடப்பது இது. பிளேயர் அமைப்பில் ஐந்து நிமிட வேலை.

இனி படங்களுக்கு வருவோம். பழைய 3டி என்றாலே கூட்டம் வராது என்பது சரியல்ல. 1984இல் வந்த இந்தியாவின் முதல் 3டி படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' 1998இல் இந்தியில் 'சோட்டா சேத்தன்' என்று மறுபடி ஓடியது. அதை எடுத்த நவோதயா அப்பச்சன்தான் பிறகு தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா பூங்காவைக் கட்டினார். வெளிநாட்டில், மைக்கேல் ஜாக்சன் நடித்து 1986இல் வந்த 'கேப்டன் ஈஓ' அவர் இறந்த பிறகு 2010இல் டிஸ்னி பூங்காக்களுக்குத் திரும்பியது.

அதே டிஸ்னி, ஃப்ளோரிடாவில் 1991 முதல் ஓடிய 'மப்பெட் விஷன் 3டி'யை 2025 ஜூனில் மூடியது. அங்கே திரை பாதிதான். மாடத்தில் உட்கார்ந்து கிண்டலடிக்கும் பொம்மைகள், கீழே பொம்மை வாத்தியக் குழு என்று அரங்கமே நடித்தது. அப்படிப்பட்டதை எடுத்தால் படத்தோடு அரங்கமும் போய்விடும், வேறெங்கும் பார்க்க முடியாது. ஃப்ளோரிடா யுனிவர்சல் பூங்காவின் 'ஷ்ரெக் 4டி' 2022இல் மூடப்பட்டு, அந்த இடத்தில் சுடும் விளையாட்டு வந்தது. அது வேறு கணக்கு, ஷ்ரெக்கை வீட்டு டிவியிலும் பார்க்கலாம். நம் தியேட்டருக்குப் பொருந்தும் பாடம் டிஸ்னியின் 'ஸ்டார் டூர்ஸ்'. 1987இல் வைத்த ஆடும் அறை என்ற ஏற்பாட்டை விடாமல், 2011இல் படத்தை மட்டும் புதிதாக்கினார்கள். காட்சிகளைத் துண்டு துண்டாக எடுத்து 54 விதமாகக் கோக்கிற மாதிரி செய்தார்கள். மறுபடி வருகிறவருக்கு வேறு படம்.

இந்த அளவுகோலில் குகை ரயிலையும் பேய் வீட்டையும் எடுத்துவிடலாம். இரண்டும் 1024க்கு 768 புள்ளிகளில் செய்யப்பட்டவை போல இருக்கின்றன. 5 மீட்டர் அகலத் திரையில் ஒரு புள்ளி கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர், முதல் வரிசைக்குக் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. புது விளக்கு போட்டால் கட்டங்கள் இன்னும் நன்றாகத் தெரியும், அவ்வளவுதான் லாபம். டைனோசர் வேறு. அதில் ஒவ்வொரு எஃபெக்டும் படத்துக்காகவே யோசிக்கப்பட்டிருக்கிறது: புதருக்குள் சலசலப்பு வந்ததும் காலில் குழாய் உரசுகிறது, டைனோசர் தும்முகிற ஒரே இடத்தில் தண்ணீர் அடிக்கிறது. குழந்தைகள் அடுத்த ஆளின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இதை எடுப்பது முட்டாள்தனம். புதுப் படம் வாங்கும்போது ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும்: இந்த நாற்காலிக்கு, இந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு ஏற்ற அசைவுக் கோப்பும் சேர்த்துத் தருவார்களா? படம் மட்டும் வாங்கிவிட்டு, வேறு படத்தின் அசைவை ஓட்டும் இடங்களும் இருக்கின்றன.

விஆர் நாற்காலி யோசனை கணக்கில் உதைக்கும். 24 இருக்கை, மணிக்கு 6 காட்சி என்றால் 144 பேர். இரண்டு பேர் உட்காரும் முட்டை வடிவ விஆர் நாற்காலியில் மாட்டி, சரிசெய்து, கழற்றி, துடைக்க ஒரு சுற்றுக்கு 8 நிமிடம் என்றாலும் மணிக்கு 15 பேர்தான். சனி, ஞாயிறு சென்னைக் கூட்டமும் பெங்களூர்க் கூட்டமும் வந்து இறங்கும்போது வரிசை கேட் வரை நிற்கும். வேர்வையில் ஊறிய ஹெட்செட் பஞ்சை அடுத்தவர் முகத்தில் வைப்பது தனிக் கூத்து. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று ஹெட்செட் தயாரிப்பாளர்களே வயது வரம்பு போட்டிருக்கிறார்கள். பூங்காவுக்கு வருவதோ குடும்பம் குடும்பமாக.

செய்ய வேண்டிய வரிசை எங்கள் பார்வையில் இது: முதலில் கண்ணாடி, பிளேயர் வேகம், கம்ப்ரஸர் வடிப்பு, இவற்றுக்குப் பெரிய செலவே இல்லை. பிறகு சிலிண்டர், திரை. கடைசியில் புரொஜெக்டர்: விளக்கு மாற்றி மாற்றி ஓட்டுவதைவிட லேசர் வாங்கினால் பாதி வெளிச்சத்துக்கு இறங்கச் சுமார் 20,000 மணி நேரம் ஆகும்.

பாராட்ட வேண்டியவையும் உண்டு. பாஸ் ஒலி அருமை, ஏசி குளிர்ச்சி போதும், ஆபரேட்டர் பொறுமையாக விளக்குகிறார். கர்ப்பிணிகளையும் முதுகு, கழுத்து, இதயப் பிரச்சினை உள்ளவர்களையும் கேட்டுப் பார்த்து ஆடாத பின்வரிசை பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள். இதைச் செய்யாத இடங்கள் அதிகம்.

போகிறவர்களுக்கு: பவர் கண்ணாடிக்கு மேலேயே 3டி கண்ணாடியை மாட்டலாம். உள்ளே போகும் முன் வாஷ்பேசினில் சோதித்து நேர்கோட்டுக் கண்ணாடியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஓர இருக்கைகளில் சில்வர் ஸ்கிரீன் இருட்டாகத் தெரியும், தவிருங்கள். டிக்கெட் எடுக்கும் முன் அடுத்தது எந்தப் படம் என்று கேளுங்கள். குகை ரயில் என்றால் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். டைனோசர் என்றால் மூன்றாவது வரிசை, நடு இருக்கை.