‘சதி லீலாவதி’யா, ‘மறுபடியும்’ஆ?

மின்சாரமற்ற யாழ்ப்பாணத்தில் ஜெனரேட்டர் வைத்து முற்றத்தில் வீடியோப் படம் பார்த்த தலைமுறை, இப்போது மீண்டும் பார்க்க எதை எடுக்கலாம்? இரண்டும் மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா இயக்கியவை. இரண்டிலும் கணவன் இன்னொருத்தியை நாடுகிறான்.

‘மறுபடியும்’ (1993) கனத்த படம். திரும்பி வரும் கணவனை ரேவதி ஏற்க மறுக்கும் இடம் இன்றும் நெஞ்சை நிமிர்த்துகிறது.

ஆனாலும் என் தேர்வு ‘சதி லீலாவதி’ (1995). கமல்ஹாசனின் கொங்குத் தமிழுக்கும் கோவை சரளாவின் வாய்த்துடுக்குக்கும் வயிறு குலுங்கச் சிரிக்கலாம். அதற்கு நடுவே, மனைவியின் உடல் பருமனுக்காகக் கூசும் ரமேஷ் அரவிந்தின் முகத்தைக் கவனியுங்கள். சிரித்த வாய் தானாக மூடிக்கொள்ளும். அந்த மனைவியாக வந்து, குடும்பத்தை விட்டுக்கொடுக்க மறுக்கும் கல்பனாவின் நடிப்பை நாம் போதுமான அளவு கொண்டாடவே இல்லை. கணவனும் மனைவியும் சேர்ந்து பார்ப்பதென்றால் இதையே முதலில் போடுங்கள். ‘மறுபடியும்’ இன்னொரு நாளைக்கு இருக்கட்டும்.