கேம்பர் வேன் கழிவுநீர்: எந்த ட்ராப், எந்தத் தொட்டி?

பழைய ட்ராவலர் வேனை, உள்ளேயே சமைத்துத் தூங்கும் கேம்பராக மாற்றும்போது படுக்கைக்கும் சோலாருக்கும் ஓடி ஓடிப் பார்த்தேன். கழிவுநீர்க் குழாயை வீட்டு பிளம்பரிடம் விட்டுவிட்டேன். மதுரையிலிருந்து கொடைக்கானலுக்குப் போன முதல் பயணத்தில், பெருமாள்மலை வருவதற்குள் சிங்க்கிலிருந்து நாற்றம் கிளம்பியது. அப்பத்தா மூக்கில் முந்தானையை வைத்தவர் எடுக்கவே இல்லை.

சிங்க்குக்குக் கீழே நாற்றம் மேலே வராமல் தடுக்கும் அமைப்புதான் ட்ராப். பிளம்பர் போட்டிருந்தது வீட்டு வாஷ்பேசினுக்குப் போடும் பாட்டில் ட்ராப். அதில் தேங்கி நிற்கும் கொஞ்சம் தண்ணீர்தான், வேனில் கழிவுநீர் சேரும் தொட்டியின் நாற்றத்தை மறிக்கிறது. வீடு ஆடாது, வேன் ஆடும். கொண்டை ஊசி வளைவுகளில் அந்தத் தண்ணீர் அலம்பிக் குழாயில் இறங்கிவிடுகிறது. சித்திரை வெயிலில் வண்டி சில வாரம் சும்மா நின்றாலும் வற்றிப்போகும்.

இதற்கு மாற்று, தண்ணீரே தேவைப்படாத சிலிக்கான் ட்ராப். உள்ளே மெல்லிய சவ்வு ஒன்று உதடு மாதிரி மூடியிருக்கும். தண்ணீர் வந்தால் திறக்கும், நின்றதும் ஒட்டிக்கொள்ளும். படுக்கவைத்தும் மாட்டலாம் என்பதால் சிங்க்குக்குக் கீழே இடமும் மிச்சம். ஆனால் நம் சமையலுக்கு அது அவ்வளவு ஒத்துவராது. வடித்த கஞ்சியும் சோற்றுப் பருக்கையும் அந்த உதட்டில் ஒட்டினால் சரியாக மூடாது. சல்லடை போட்டு, வாரம் ஒருமுறை வெந்நீர் விட வேண்டும். அப்படியும் என் ஓட்டு இதற்குத்தான். பாட்டில் ட்ராப் ஓரிடத்தில் நிற்கும் வண்டிக்குச் சரி.

எதைப் போட்டாலும் தொட்டியிலிருந்து கூரைக்கு ஒரு காற்றுக் குழாய் அவசியம். இல்லாவிட்டால் தண்ணீர் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சிங்க் வழியாகத்தான் வெளியே வரப்பார்க்கும்.

குழாயில் அதிக யோசனை வேண்டாம். நெளிநெளியான வளையும் குழாய் மாட்டச் சுலபம், ஆனால் ஒவ்வொரு நெளிவிலும் எண்ணெய்ப் பிசுக்கு தங்கும், நடுவில் தொய்ந்தால் அங்கேயே குட்டை. பிவிசி குழாயை அடிக்குக் கால் அங்குலம் சரிவு வைத்து, நெருக்கமாக கிளாம்ப் அடித்து, தொட்டியோடு சேரும் இடத்தில் மட்டும் ஒரு முழம் ரப்பர் குழாய் கொடுத்தால் குலுக்கலில் மூட்டு விடாது.

அப்புறம் கழிப்பறை. அமெரிக்காவில் வண்டிக்கு அடியில் பெரிய தொட்டி வைத்து, முகாம்களில் கழிவைக் கொட்டுவதற்கென்றே இருக்கும் டம்ப் ஸ்டேஷனில் மூன்று அங்குலக் குழாய் வழியாக இறக்கிவிடுகிறார்கள். நம் பக்கம் அப்படி ஓர் இடத்தை நான் பார்த்ததில்லை. நூறு லிட்டர் நிரம்பினால் நூறு கிலோ சுமை. அதை எங்கே இறக்குவது?

கேசட் டாய்லெட்டில் சுமார் இருபது லிட்டர் பெட்டி. வெளியே உருவி, கைப்பெட்டி போலத் தூக்கிப்போய் எந்தக் கழிப்பறையிலும் கொட்டலாம். ஆனால் அது காகிதம் பயன்படுத்துபவர்களை மனதில் வைத்துச் செய்தது. நாம் தண்ணீர் விட்டுக் கழுவுகிறோம். ஒரு தடவைக்கு இரண்டு லிட்டர் என்று வைத்தாலும் பத்துத் தடவையில் பெட்டி நிரம்பிவிடும். நாலு பேர் குடும்பத்துக்கு ஒரு நாள்கூடச் சந்தேகம். அதனால் கேசட்தான், ஆனால் இரண்டு பெட்டி. ஹெல்த் ஃபாசெட்டைக் கழற்றிவிட்டு ஒரு சின்னக் குவளை வைத்தோம். வீட்டு செப்டிக் டேங்கில் கொட்டுவதாக இருந்தால் கேசட் பெட்டியில் ஊற்றும் மருந்தில் ஃபார்மால்டிஹைடு கலந்ததைத் தவிருங்கள், செப்டிக் டேங்கில் கழிவை மக்கவைக்கும் பாக்டீரியா செத்துவிடும்.

கஞ்சியை மட்டும் அப்பத்தா இன்னும் சிங்க்கில் ஊற்றவிடுவதில்லை. உப்புப் போட்டு அவரே குடித்துவிடுகிறார்.