வேக்ஸா, செராமிக்கா, பிபிஎஃப்பா? மதுரை வெயிலில் நிற்கும் காருக்கு எது?

காரின் பெயின்ட்டைக் காக்க "செராமிக் கோட்டிங் போடலாமா?" என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எந்தத் தண்ணியில கார் கழுவுறீங்க?" புதூர் பக்கம் எங்கள் வீட்டில் வருவது போர் தண்ணீர். வாளியின் உள்பக்கம் படியும் அதே வெள்ளை உப்புதான் பானெட்டிலும் படிகிறது.

செராமிக் என்பது சிலிக்கா கலந்த திரவம். பெயின்ட்டின் மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட்டின் மேல் ஒன்றிரண்டு மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்தில் இறுகி ஒட்டிக்கொள்ளும். அழுக்கு லேசில் பிடிக்காது, பளபளப்பு வருஷக்கணக்கில் நிற்கும். ஆனால் அதன் மேல் தண்ணீர் முத்து முத்தாகத் திரளும். சித்திரை வெயிலில் உப்புத் தண்ணீர் முத்துகள் உருண்டு ஓடுவதற்குள் நின்ற இடத்திலேயே காய்ந்துவிடுகின்றன. போன வருஷம் என் காரில் அப்படித்தான் ஆனது. மிளகு அளவில் வெள்ளை வளையங்கள், ஓரம் தடித்து, நடுவில் ஒன்றுமில்லாமல், பானெட் முழுக்க. ஷாம்புவுக்கு அசையவில்லை. வினிகரில் சரிபாதி தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிஷம் ஒற்றி வைத்த பிறகுதான் கரைந்தது. நாள்பட்டிருந்தால் மெஷின் வைத்துப் பாலிஷ் போட வேண்டியிருக்கும். அதில் கோட்டிங்கும் சேர்ந்து போகும்.

வேக்ஸிலும் கறை விழும். ஆனால் பழையதை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும், செலவும் சில நூறு ரூபாய்தான். கார்னாபா என்று டப்பாவில் போட்டிருப்பது பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையில் எடுக்கும் மெழுகு. நம் வெயிலுக்கு ஒன்றிரண்டு மாதம் தாங்கும், அவ்வளவுதான்.

பிபிஎஃப் (பெயின்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம்) வேறு ரகம். 150 முதல் 200 மைக்ரான் வரை கனமுள்ள பாலியூரித்தேன் படலம். நான்கு வழிச்சாலையில் லாரி டயரிலிருந்து தெறிக்கும் ஜல்லிக்கு இந்த மூன்றில் இது ஒன்றுதான் பதில். செராமிக் டப்பாவில் போட்டிருக்கும் '9எச்' என்பது பென்சில் கீறலை வைத்துச் சொல்லும் கடினத்தன்மைக் கணக்கு, கல்லடிக்கு அது பொருந்தாது. கார் முழுக்க பிபிஎஃப் என்றால் லட்சத்தைத் தொடும். திருச்சி, தூத்துக்குடி என்று அடிக்கடி ஓட்டுகிறவர்கள் பம்பருக்கும் பானெட்டுக்கும் மட்டும் ஒட்டிக்கொள்ளலாம்.

டெஃப்லான் கோட்டிங் வேண்டவே வேண்டாம். அது ஒரு பரப்பில் உருகிப் பிடிக்க 300 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். பெயின்ட் அடித்த காரில் அந்தச் சூட்டைக் காட்ட முடியாது.

சரி, என் முடிவு: போர்ட்டிகோவும் நல்ல தண்ணீரும் இருந்தால் செராமிக். என்னைப் போலத் தெருவில் வேப்பமரத்தடியில் நிறுத்தி, போர் தண்ணீரில் கழுவுகிறவர்களுக்கு வேக்ஸ். எதைப் போட்டாலும் வெயில் ஏறும் முன் கழுவி, ஈரம் காயுமுன் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். அப்புறம், ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைச் சேர்த்து வைத்துக் கார் கழுவுகிறார்கள் சிலர். மெஷினுக்குள் போகும் தண்ணீரை விட அதில்தான் உப்பு அதிகம். அதை வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.