கல்வியியலில் இணையவழி முனைவர் பட்டம்: நாகர்கோவிலில் கிடைக்கும் ஒரு சேவை குறித்த மதிப்பாய்வு

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் எட்.டி. என்னும் கல்வியியல் முனைவர் பட்டத்தை, வீட்டிலிருந்தபடியே இணையவழியில் பெறலாம் என்று நாகர்கோவிலில் உள்ள ஓர் ஆலோசனை மையம் கடந்த கல்வியாண்டிலிருந்து எங்கள் பள்ளிகளில் துண்டறிக்கை வழங்கி வருகிறது. தக்கலை அருகே அரசு உதவிபெறும் பள்ளியில் முதுகலை ஆசிரியராகப் பணியாற்றும் நானும், எனக்குப் பின் பணியில் சேர்ந்த சக ஆசிரியை ஒருவரும் அந்த மையத்தின் விளக்கக் கூட்டத்தில் கலந்துகொண்டோம். மாதிரி வகுப்பிலும் அமர்ந்தோம். தகவல் கையேட்டை முழுவதும் படித்தோம். மையத்தின் பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் நான் இங்கே குறிப்பிடப் போவதில்லை. இதே வகைச் சேவையை வேறு பெயர்களில் வேறு ஊர்களிலும் விற்கிறார்கள் என்பதால், பெயரைவிடச் சேவையின் தன்மையை அறிந்துகொள்வதே ஆசிரியர்களுக்குப் பயன்படும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் தமிழகத்தில் முதலிடம் பெற்ற மாவட்டம் கன்னியாகுமரி. எம்.எட்., எம்.பில். வரை படித்துவிட்டுப் பள்ளியில் பணியாற்றுபவர்கள் இங்கே ஏராளம். 2022ஆம் ஆண்டு நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட விதிமுறைகள் எம்.பில். பட்டத்தையே நிறுத்திவிட்டதால், எம்.எட். முடித்தவருக்கு அடுத்த படி முனைவர் பட்டம் மட்டுமே என்றாகிவிட்டது. அந்தப் படியில் ஏற விரும்பும் ஆசிரியர்களைத்தான் இந்த மையங்கள் தேடி வருகின்றன.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். மாதிரி வகுப்பு உண்மையிலேயே சிறப்பாக இருந்தது. ஒரு பள்ளியில் குறிப்பிட்ட வகுப்பின் வருகைப்பதிவு தொடர்ந்து குறைவதற்கான காரணங்களை மீன்முள் வரைபடத்தில் எழுதச் சொன்ன பேராசிரியர், எந்தக் காரணம் தலைமையாசிரியரின் கைக்குள் இருக்கிறது, எது இல்லை என்று பிரித்துக் காட்டும்படி கேட்டார். பங்கேற்றவர்கள் வெவ்வேறு நாடுகளில் பள்ளி நடத்துபவர்கள்; அவர்கள் தங்கள் பள்ளியின் பதிவேடுகளை வைத்துக்கொண்டு பேசினார்கள். எட்.டி. பட்டத்தின் நோக்கமே இதுதான். ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1920இல் தனிக் கல்வியியல் பள்ளியைத் தொடங்கியபோது, ஆய்வறிஞரை உருவாக்கும் பிஎச்.டி.யிலிருந்து வேறுபட்டு, கல்வி நிர்வாகத்திலும் வகுப்பறையிலும் பணிபுரிவோருக்கென்று இந்தப் பட்டம் அங்கே வடிவம் பெற்றது. எட்.டி. பட்டத்தைச் சீரமைக்க 2007இல் தொடங்கிய கார்னகி திட்டத்துக்குப் பிறகு பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இதன் ஆய்வேட்டை, பணியிடத்தில் எழும் ஒரு சிக்கலை எடுத்துத் தீர்க்கும் ஆய்வாகவே மாற்றியமைத்தன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ், வாண்டர்பில்ட் போன்ற புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களும் எட்.டி.யை இணையவழியில் வழங்குகின்றன. ஆகவே, இணையவழி முனைவர் பட்டம் என்றாலே போலி என்று ஒதுக்கிவிடுவது நியாயமில்லை.

ஆனால், அந்த மையத்தின் ஆலோசகர் இந்தப் பட்டத்தை எங்களிடம் அறிமுகப்படுத்திய விதம் நேர்மையாக இல்லை. இந்தப் பட்டம் இந்தியாவில் எங்கும் ஏற்றுக்கொள்ளப்படும் என்றும், கல்லூரிப் பணிக்கும் பதவி உயர்வுக்கும் உதவும் என்றும் அவர் உறுதியாகச் சொன்னார். 2022 விதிமுறைகளிலோ, எந்த உயர்கல்வி நிறுவனமும் முனைவர் படிப்பைத் தொலைநிலை முறையிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாது என்று வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் பல்கலைக்கழக மானியக் குழுவும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் கூட்டாக வெளியிட்ட அறிவிப்பு, வெளிநாட்டு நிறுவனங்களுடன் சேர்ந்து கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்கள் வழங்கும் இணையவழி முனைவர் பட்டங்களை அங்கீகரிக்க இயலாது என்று பொதுமக்களை எச்சரித்தது. இந்த இரண்டையும் நான் கேட்டபோது ஆலோசகர், எங்கள் பல்கலைக்கழகம் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அது உண்மையாகவே இருக்கலாம். அமெரிக்க அங்கீகாரம் அமெரிக்காவில் செல்லும் என்பதையும், குமரி மாவட்டத்து ஆசிரியரின் பணிப்பதிவேட்டில் அது ஏறுமா என்பது வேறு கேள்வி என்பதையும் அவர் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

பணிப்பதிவேடு என்று நான் சொல்வது வெறும் சொல்லுக்காக அல்ல. பணியில் இருந்துகொண்டே உயர்கல்வி பயிலத் துறையின் முன் அனுமதி பெற வேண்டும். பட்டம் வாங்கிய பின் உண்மைத்தன்மைச் சான்று கேட்பார்கள். உயர்கல்வித் தகுதிக்குத் தமிழக அரசு முன்பு வழங்கிவந்த ஊக்க ஊதிய உயர்வும் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆண்டாண்டுக்கும் ஊதியத்தில் கூடிவரும் பலன் அன்றைய ஆசிரியருக்கு இருந்தது. இன்று சேர்பவருக்கு அது இல்லை. இதை அறியாமல் பல லட்சம் ரூபாய் கடன் வாங்கிச் சேரும் ஆசிரியரை எண்ணித்தான் இதை எழுதுகிறேன்.

கல்லூரிப் பணி பற்றியும் ஒரு வார்த்தை. 2023 ஜூலையில் உதவிப் பேராசிரியர் பணிக்கான குறைந்தபட்சத் தகுதி நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்விலோ, செட் அல்லது ஸ்லெட் என்னும் மாநிலத் தகுதித் தேர்விலோ பெறும் தேர்ச்சி என்று மாற்றப்பட்டது. முனைவர் பட்டம் கட்டாயமில்லை. எம்.எட். கற்பிக்கவும் கல்வியியல் கல்லூரி முதல்வராகவும் முனைவர் பட்டம் தேவை என்பது உண்மை. ஆனால் அந்தப் பதவிகளுக்குச் சான்றிதழ் சரிபார்க்கும் இடத்தில், இணையவழியில் பெற்ற பட்டத்தை வைத்து வாதாட வேண்டிய நிலைக்கு ஒருவர் தம்மை ஏன் தள்ளிக்கொள்ள வேண்டும்?

அடுத்தது, ஆய்வை வழிநடத்தும் நெறியாளர். ஒரு முனைவர் படிப்பில் நான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுவது இதைத்தான். மையம் மிகக் குறைவாக விளக்கியதும் இதைத்தான். என் சக ஆசிரியையின் விருப்பம், பேச்சிப்பாறை மலைப்பகுதியின் காணி இனக் குழந்தைகள் தொடக்கப் பள்ளியை முடித்து உயர்நிலைப் பள்ளிக்கு வரும்போது கற்றலில் என்ன தடுமாற்றம் நேர்கிறது என்று ஆராய்வது. வீட்டில் பேசும் மொழி, விடுதி வாழ்க்கை, மலையிலிருந்து பேருந்து இல்லாத நாட்கள் எனப் பல காரணங்களை அவர் கைப்பட எழுதி வைத்திருக்கிறார். பணியிடச் சிக்கலை ஆய்வாக்கும் எட்.டி.க்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு அரிது என்றே எனக்கும் தோன்றியது. ஆனால் அவர் கேட்ட கேள்விகளுக்கு விடை கிடைக்கவில்லை. தமிழில் தயாரிக்கும் வினாநிரலை யார் சரிபார்ப்பார்கள்? பதினெட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் தகவல் திரட்ட வேண்டுமானால் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழு பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலைக் கேட்கும். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரிடம் அதை எப்படிப் பெறுவது? நேர்காணல்கள் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்துத்தான் தர வேண்டுமா? தமிழ்நாட்டுப் பள்ளி அமைப்பை அறிந்த நெறியாளர் ஒருவராவது உண்டா? “அதெல்லாம் சேர்ந்த பிறகு பார்த்துக்கலாம் டீச்சர்” என்பதே பதிலாக இருந்தது. ஆய்வேடு எழுதும் ஆண்டுகளில் ஓர் ஆசிரியர் உண்மையில் மல்லுக்கட்டப் போவது இந்தக் கேள்விகளோடுதான். அவற்றைச் சேர்க்கைக்குப் பிறகு ஒத்திவைக்கும் மையம், சேர்க்கையோடு தன் வேலை முடிந்துவிடுவதாகவே நினைக்கிறது.

நேரத்தையும் கணக்கிட வேண்டும். அமெரிக்கக் கிழக்குக் கரையில் கோடைக்காலத்தில் மாலை 7 மணிக்குத் தொடங்கும் வகுப்பு நமக்கு விடியற்காலை 4.30 மணி; குளிர்காலத்தில் 5.30 மணி. காலை எட்டரை மணிக்குப் பள்ளியில் இருக்க வேண்டிய, வீட்டுச் சமையலும் பொறுப்பில் உள்ள ஆசிரியைக்கு இதன் பொருள் என்ன என்பதை விளக்கத் தேவையில்லை. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. மழை வலுத்தால் மலையோரக் கிராமங்களில் மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போகும். வகுப்பின் ஒளிப்பதிவு பின்னர் கிடைக்கும் என்கிறார்கள். ஆனால் நான் மாதிரி வகுப்பில் பாராட்டியது கலந்துரையாடலைத்தான். அது ஒளிப்பதிவில் கிடைக்காது.

மின்னூலக வசதி நன்று. ஆலோசகர் திறந்து காட்டிய ஆய்விதழ்த் தொகுப்புகள் நம் ஊர்க் கல்லூரி நூலகங்களில் எளிதில் கிடைக்காதவை. கட்டணம் திரும்பப் பெறும் விதிமுறையைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் மிகச் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். முதல் பருவம் தொடங்கிவிட்டால் பணம் திரும்பாது.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன்? சொந்தப் பொறுப்பில் தனியார் பள்ளி நடத்துபவர், வளைகுடா நாடுகளின் பன்னாட்டுப் பள்ளிகளில் நிர்வாகப் பொறுப்பு வகிப்பவர், பட்டத்தின் இந்திய மதிப்பை எதிர்பாராமல் பள்ளி நிர்வாகத்தை முறையாகக் கற்க விரும்புபவர் ஆகியோர் நல்ல பல்கலைக்கழகமாகத் தேர்ந்து, இடைத்தரகர் இல்லாமல் நேரடியாக விண்ணப்பித்தால் பயன் பெறுவார்கள். அரசுப் பள்ளியிலோ உதவிபெறும் பள்ளியிலோ பணியாற்றி, இங்கேயே மேலே செல்ல விரும்பும் ஆசிரியர் இதில் சேர வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

அவர்களுக்கு வழியில்லாமல் இல்லை. பகுதிநேர முனைவர் படிப்பை 2022 விதிமுறைகள் அனுமதிக்கின்றன. பணியாற்றும் நிறுவனத்திடம் தடையின்மைச் சான்று பெற வேண்டும். ஆய்வுக்குப் போதிய நேரம் உண்டு என்பதும், தேவைப்பட்டால் பாட வகுப்புகளுக்காகப் பணியிலிருந்து விடுவிப்பார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். குறைந்தது மூன்று ஆண்டுகள், பொதுவாக அதிகபட்சம் ஆறு ஆண்டுகள். பெண்களுக்குக் கூடுதல் காலச் சலுகையும் உண்டு. சென்னையில் உள்ள தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகமும், திருநெல்வேலி அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் நமக்கு உரியவை. மார்த்தாண்டம் பக்கத்தவர்கள் திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தையும் அணுகிப் பார்க்கலாம். இடம் கிடைப்பதுதான் கடினம். ஒரு பேராசிரியர் எட்டுப் பேரையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நான்கு பேரையும் மட்டுமே ஒரே நேரத்தில் நெறிப்படுத்த முடியும். ஓய்வுபெற மூன்றாண்டுகளுக்கும் குறைவாக உள்ளவர் புதியவரை ஏற்க முடியாது.

என் சக ஆசிரியை இப்போது அந்த வழியைத்தான் தேர்ந்திருக்கிறார். முதலில், இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் சோத்கங்கா இணையதளத்தில் தம் தலைப்பை ஒட்டிய ஆய்வேடுகளைப் படித்து, அவற்றை நெறிப்படுத்தியவர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டார்; அவர்களில் காலியிடம் உள்ளவரை இப்போது தேடி வருகிறார். நெட் தேர்வைக் கல்வியியல் பாடத்தில் எழுதவும் தயாராகிறார். ஆனால் முனைவர் சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெறுபவரின் நெட் மதிப்பெண் ஓராண்டுக்கே செல்லும் என்பதால், நெறியாளரின் சம்மதம் கிடைத்த பிறகே விண்ணப்பிப்பது என்று முடிவு செய்திருக்கிறார்.