அல்புஹாராவின் வாய்க்கால் பாதைகள்: ஓடுபவரின் பார்வையில் ஒரு மதிப்பீடு

தெற்கு ஸ்பெயினில், கிரனாடா நகரத்துக்கும் மத்தியதரைக் கடலுக்கும் நடுவே எழும் சியரா நெவாடா மலைத்தொடரின் தெற்குச் சரிவை அல்புஹாரா என்று அழைக்கிறார்கள். மலையும் வயலும் மாறி மாறி வரும் பாதைகளில் ஓட விரும்புபவர் எவர் கேட்டாலும் நான் முதலில் சொல்லும் பெயர் இதுதான். ஆலிவும் ஆரஞ்சும் விளையும் ஓர்ஹிவா பள்ளத்தாக்கு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 450 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. அங்கிருந்து நேர்கோட்டில் 20 கிலோமீட்டர் தொலைவிலேயே ஐபீரியத் தீபகற்பத்தின் மிக உயர்ந்த சிகரமான முலாசேன் 3,479 மீட்டருக்கு நிமிர்ந்து நிற்கிறது. இவ்வளவு உயர வேறுபாடு இவ்வளவு சிறிய பரப்புக்குள் அடங்கியிருப்பதால், அத்தியும் பாதாமும் நிற்கும் அடுக்கு வயல்களில் தொடங்கி, கஷ்கொட்டைத் தோப்பு, கருவாலிக் காடு, பைன் மரங்கள், மரமற்ற புல்வெளி என நிலம் மாறிக்கொண்டே வருவதை ஓடுபவர் தம் கால்களாலேயே உணர முடிகிறது.

காட்சி அழகுக்காக மட்டும் இந்த இடத்தை நான் உயர்த்திப் பேசவில்லை. இங்குள்ள பாதைகளில் ஒன்றுகூட ஓடுபவருக்காகப் போடப்பட்டதில்லை. நீரைக் கொண்டுவருவதற்காகவும், சுமையேற்றிய கோவேறு கழுதைகளை நடத்திச் செல்வதற்காகவும், பிற்காலத்தில் காட்டு வேலைக்குச் செல்லும் வண்டிகளுக்காகவும் அமைந்தவை அவை. காலடியில் இருப்பது இவற்றில் எது என்று அறிந்துகொண்டு ஓடுபவருக்கே அல்புஹாரா முழுமையாகத் திறக்கும் என்பது என் உறுதியான கருத்து. வரைபடத்தில் கிலோமீட்டரை மட்டும் பார்த்துத் திட்டமிட்டு வருபவர்கள் பாதி வழியில் சோர்ந்து திரும்புவதற்கும் இதை அறியாததே காரணமாகிறது.

முதலில் வாய்க்கால் பாதைகள். அரபு முஸ்லிம்களின் ஆட்சிக் காலத்தில் வெட்டப்பட்டு, ஆயிரமாண்டுப் பழமை கொண்டவையாகக் கருதப்படும் அசேகியா என்னும் நீர்வாய்க்கால்கள் இந்தச் சரிவு முழுவதும் குறுக்குக் கோடுகளாக ஓடுகின்றன. உருகும் பனிநீரை ஓடைகளின் தலைப்பிலிருந்து எடுத்து, மிக மெல்லிய சாய்வில் ஊர்களுக்கும் வயல்களுக்கும் கொண்டுசேர்ப்பது அவற்றின் வேலை. அவற்றுள் ‘கரேயோ’ வகை வாய்க்கால்கள் இன்னும் வியப்பானவை: வசந்தத்தில் மிகுதியாக வரும் நீரை உயரத்திலேயே நுண்துளைகள் நிறைந்த நிலத்தில் விட்டுவிடுகிறார்கள், அது மலைக்குள் இறங்கி மெதுவாக நகர்ந்து, வாரங்களோ மாதங்களோ கழித்து, கோடை வறட்சியில் கீழே உள்ள ஊற்றுகளில் வெளிப்படுகிறது. அணை கட்டாமல் மலையையே நீர்த்தேக்கமாக ஆக்கிக்கொண்ட அறிவு இது.

ஓடுபவருக்கு இதனால் கிடைப்பது என்னவென்றால், மடைகளைத் திறந்து அடைக்கும் ஆள் நாள்தோறும் நடந்து சென்ற கரையே ஒரு பாதையாகி நிற்கிறது. நீர் செங்குத்தாக இறங்கக் கூடாது என்பதால் அந்தக் கரையும் ஏறக்குறைய சமமாகவே செல்கிறது. 2,000 மீட்டர் உயரத்துச் சரிவில் மூச்சு வாங்காமல், ஒரே வேகத்தில், பக்கத்தில் நீரோசை கேட்டபடி நெடுந்தூரம் ஓட முடிவது வேறு எந்த மலையிலும் எனக்கு எளிதில் வாய்த்ததில்லை. மண் மிருதுவானது, வாய்க்காலின் கசிவில் வளர்ந்த கஷ்கொட்டையும் பாப்லரும் நிழல் தருகின்றன. ஆனால் கரை பல இடங்களில் ஓர் அடி அகலமே இருக்கும், ஒரு பக்கம் நீர், மறுபக்கம் சரிவு. ஆகவே இருவர் இணையாக ஓடுவதற்கோ, காட்சியைப் பார்த்தபடி கவனமின்றி ஓடுவதற்கோ இது இடமன்று. வாய்க்காலை மூடிக் குழாய் பதித்துவிட்ட பகுதிகளில் கசிவு நின்று மரங்கள் வாடி, பாதை வெயிலில் கிடப்பதையும் காணலாம். கைவிடப்பட்ட வாய்க்கால்களை மீட்கும் பணி இப்போது நடந்துவருகிறது. கிரனாடா பல்கலைக்கழகத்தினரும் ஊர் மக்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து 2014ஆம் ஆண்டில் காஞ்ஞார் ஊரின் பார்ஹாஸ் வாய்க்காலைத் தூர்வாரி மீண்டும் நீர் ஓடச் செய்தது அதன் தொடக்கங்களில் ஒன்று. அந்த உழைப்பை மதிக்க வேண்டியவர்களுள் அந்தக் கரைகளில் ஓடி மகிழும் நாமும் இருக்கிறோம்.

கோவேறு கழுதைப் பாதைகள் இதற்கு நேர் எதிரானவை. ஊருக்கு ஊர் குறுகிய வழியில் சேர வேண்டும் என்பதே அவற்றின் நோக்கம் என்பதால், பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கி, பாலத்தைக் கடந்து, மறுகரையில் வளைந்து வளைந்து ஏறுகின்றன. கற்களைச் செங்குத்தாகப் பதித்துத் தளமிட்ட பகுதிகள் மழைக்குப் பின் வழுக்கும். பிடிமானமுள்ள அடிப்பகுதி கொண்ட ஷூ கட்டாயம் தேவை. லா தாஹா பகுதியின் ஃபெரெய்ரோலா, ஃபொந்தாலெஸ் ஆகிய சிற்றூர்களுக்குக் கீழே, த்ரெவேலெஸ் ஆற்றின் பழைய பாலத்துக்கு இறங்கி மறுபுறம் ஏறும் வழி இவ்வகையில் மிகச் சிறந்தது. தூரம் குறைவு, உழைப்பு அதிகம். ஏற்றத்தில் நடப்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

மூன்றாவதான காட்டு வண்டிப்பாதைகள் அகலமானவை, எளியவை, சற்றே சலிப்பூட்டுபவை. பைன் தோட்டங்களுக்கு நடுவே நெடுந்தூரப் பயிற்சி ஓட்டத்துக்கு அவை உதவும்; அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

முதன்முறை வருபவருக்கு பொகெய்ரா பள்ளத்தாக்கையே பரிந்துரைப்பேன். பம்பனெய்ரா, புபியோன், காபிலெய்ரா என்னும் மூன்று வெள்ளை ஊர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அந்தச் சரிவில் அமர்ந்திருக்கின்றன. கீழே உள்ள பம்பனெய்ரா சுமார் 1,060 மீட்டரிலும், மேலே உள்ள காபிலெய்ரா சுமார் 1,430 மீட்டரிலும் உள்ளன. மூன்றையும் இணைக்கும் பழைய பாதையில் ஏறினால், சாம்பல் நிறக் களிமண் பரப்பிய தட்டையான கூரைகளும், தெருவின் மேலேயே வீட்டை நீட்டிக் கட்டிய நிழல் வழிகளும் கடந்து போகின்றன. காபிலெய்ராவிலிருந்து ஆற்றோரமாக லா செபதில்யா என்னும் நீர்மின் நிலையக் குடியிருப்பு வரை சென்று, பாலம் கடந்து, எதிர்க்கரை வழியே திரும்பும் சுற்று அரைநாளுக்குப் போதுமானது. எதிர்க்கரையில் கல் பாவிய பழைய கதிரடிக்கும் களங்கள் தென்படும். காற்று நன்றாக வீசும் முகடுகளிலேயே அவற்றை அமைத்திருப்பதால், மூச்சு வாங்கி நிற்பதற்கும் பள்ளத்தாக்கை முழுமையாகப் பார்ப்பதற்கும் அவற்றைவிடப் பொருத்தமான இடம் இல்லை. உடல் வலுவும் அனுபவமும் உள்ளவர்கள் செபதில்யாவிலிருந்து மேலும் ஏறி, 2,500 மீட்டர் உயரத்தில் உள்ள பொகெய்ரா மலைத்தங்குமனை வரை சென்று, வாய்க்கால் கரைகளின் வழியாகத் திரும்பலாம். முழுநாள் ஓட்டமாகிய அதைத்தான் இந்தப் பகுதியின் தலைசிறந்த ஓட்டமாகக் கருதுகிறேன்.

வழிக்குறிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்பெயின் முழுவதும் ஒரே முறை: ஜிஆர் என்று எண்ணிடப்படும் நெடும்பாதைகளுக்கு வெள்ளையும் சிவப்பும், 10 முதல் 50 கிலோமீட்டர் வரையிலான பாதைகளுக்கு வெள்ளையும் மஞ்சளும், அதற்கும் குறைந்த உள்ளூர்ப் பாதைகளுக்கு வெள்ளையும் பச்சையும் பட்டைகளாகத் தீட்டப்பட்டிருக்கும், பெருக்கல் குறி போல் தீட்டியிருந்தால் அது வழியன்று. தரிஃபாவில் தொடங்கும் ஜிஆர்-7 இந்த ஊர்களைத் தொட்டுக்கொண்டு செல்கிறது. சியரா நெவாடாவைச் சுற்றிவரும் சுலைர் என்னும் ஜிஆர்-240 சுமார் 300 கிலோமீட்டர் நீளத்தில் 19 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. காட்டிலும் உயர்ந்த சரிவிலும் இக்குறிகள் நம்பத்தக்கவையாக இருக்கின்றன. வயல்களுக்கு நடுவேதான் சிக்கல். அடுக்கு வயலின் கல்சுவர் சரிந்தாலோ, முட்புதர் வளர்ந்து மூடினாலோ குறி மறைந்துவிடுகிறது, பாதையும் பல கிளைகளாகப் பிரிகிறது. கைப்பேசிச் செயலி ஒன்றை மட்டும் நம்பி ஓடியபோது, எப்போதோ கைவிடப்பட்ட தடத்தை அது நடப்பிலுள்ள பாதையாகக் காட்டியதால் ஒரு தோட்டத்தின் பூட்டிய கதவு முன்னே நிற்க நேர்ந்தது. அண்மையில் அச்சான காகித வரைபடம் ஒன்றைக் கூடவே வைத்திருப்பது நல்லது. வயலில் வேலை செய்பவரிடம் கேட்பது அதனினும் நல்லது.

வயல் நிலத்தில் நடந்துகொள்ளும் முறையும் இந்த ஓட்டத்தின் ஒரு பகுதி. திறந்த படலையைத் திறந்தபடியும், மூடிய படலையை மூடியபடியும் விட்டுச் செல்ல வேண்டும். மடையில் வைத்த பலகையையோ கல்லையோ நகர்த்தவே கூடாது, ஏனெனில் அது யாரோ ஒருவருடைய நீர்முறை. மந்தையைக் கண்டால் ஓட்டத்தை நிறுத்தி நடந்து, தொலைவில் சுற்றிச் செல்லுங்கள். காவல் நாய்கள் ஓடி வரும் உருவத்தையே அச்சுறுத்தலாக எடுத்துக்கொள்கின்றன. இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் வேட்டை நடக்கும் என்பதால் பளிச்சென்ற நிற உடை அணிவது பாதுகாப்பானது.

வசந்தமும் இலையுதிர்காலமும் ஓட ஏற்றவை. கோடையில் கீழ்ப்பகுதியின் வெப்பம் கடுமையானது. அப்போது விடியலில் தொடங்கி உயரத்தில் ஓட வேண்டும். குளிர்காலத்தில் ஊர்களைச் சுற்றிய பாதைகள் பெரும்பாலும் ஓடத்தக்கவை, ஆனால் உயர்ந்த சரிவுகள் பனியும் உறைபனியுமாக மாறிவிடுவதால், பனிமுள் காலணியும் அதைப் பயன்படுத்தும் பயிற்சியும் இல்லாதவர்கள் அங்கே செல்லலாகாது. ஏறத்தாழ எல்லா ஊர்களிலும் குடிநீர் ஊற்று உண்டு; வாய்க்கால் நீரை மட்டும், எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும், குடிக்க வேண்டாம், மேலே கால்நடைகள் மேய்கின்றன. உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 112.

கிரனாடாவிலிருந்து இந்த ஊர்களுக்குப் பேருந்து உண்டு, ஆனால் நாளொன்றுக்குச் சில முறையே. திரும்பும் நேரத்தை முன்பே பார்த்துவைக்க வேண்டும். பிற்பகலில் கடைகள் சில மணி நேரம் அடைத்திருக்கும் என்பதால் உணவுப் பொருள்களைக் காலையிலேயே வாங்கிவிட வேண்டும். உருளைக்கிழங்கு, முட்டை, பன்றித் தொடையிறைச்சி, இரத்தம் சேர்த்துச் செய்த சாசேஜ் ஆகியவை சேர்ந்த தட்டுதான் இப்பகுதியின் பெயர்பெற்ற உணவு. மரக்கறி மட்டும் உண்பவர்கள் இறைச்சியின்றி உருளைக்கிழங்கும் முட்டையும் கேட்டுப் பெறலாம்.

இரண்டாம் முறை வருபவர்கள் பள்ளத்தாக்குக்கு எதிரே, கடலை ஒட்டி நிற்கும் கொன்த்ராவியேசா குன்றுகளுக்குச் செல்ல வேண்டும். அங்கே வாய்க்கால்கள் அரிது; மழையை நம்பிய பாதாம், அத்தி, திராட்சைத் தோட்டங்கள் குன்றின் முதுகு முழுவதும் பரவிக் கிடக்க, அவற்றுக்கு நடுவே மண்பாதைகள் அலையலையாக ஏறி இறங்குகின்றன. நிழல் கிடையாது, குறிகள் குறைவு, வாடகைக் கார் இல்லாமல் போய்வருவது கடினம். ஆயினும் முகட்டுப் பாதையில் ஓடும்போது வலப்புறம் கடலும் இடப்புறம் சியரா நெவாடாவின் பனியும் ஒருசேரத் தெரிகின்றன, கிழக்கிலிருந்து மேற்காக ஓடினால் அவை இடம் மாறிக்கொள்கின்றன. பாதாம் பூக்கும் பிப்ரவரி மாதம் இதற்கு ஏற்றது. குடிநீரை மட்டும் வழக்கத்தைவிட இருமடங்கு எடுத்துச் செல்லுங்கள்.