ஹட்டன் டவுனில் லெப்டொப்புக்கு இரண்டாவது எஸ்எஸ்டி

ஊருக்குப் போகும்போது சொந்தக்காரப் பிள்ளைகள் கேட்கிற சாமான் மாறிவிட்டது. முன்பு சொக்லேட்டும் சப்பாத்தும் கேட்டார்கள். இந்த முறை என் மருமகள், அதாவது அண்ணன் மகள், கேட்டது எஸ்எஸ்டி, லெப்டொப்பில் கோப்புகளைச் சேமிக்கிற டிரைவ். பேராதனையில் புவியியல் படிக்கிறாள். இறுதியாண்டு ஆய்வுக்கு அவள் எடுத்திருப்பது கொஸ்லந்த மீரியபெத்த. 2014 அக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயன்களை மூடிய தோட்டம். சரிவுக்கு முந்திய நிலத்துக்கு லான்ட்சாட் 8 செய்மதிப் படங்கள், பிந்திய வருடங்களுக்கு சென்டினல்-2 படங்கள் என்று இறக்கி வைத்திருக்கிறாள். ஒவ்வொரு படமும் ஒரு ஜிபியை நெருங்கும். அவற்றை வெட்டி ஒட்டிச் செய்யும் வரைபடங்கள் வேறு. லெப்டொப்பில் இருந்ததோ 256 ஜிபி. விண்டோஸ் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம் இருந்த இடம் எப்போதும் சிவப்புக் கோட்டில்தான் நின்றது.

டொரொண்டோவில் கடைப் பக்கம் போவதற்கு முன்பே, லெப்டொப்பின் அடியில் இருக்கிற ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். மாடல் நம்பரை வைத்து சர்வீஸ் மேனுவலை இறக்கிப் பார்த்தோம். ஊருக்கு டிரைவ் கொண்டுபோகிற எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். எஸ்எஸ்டி என்ற ஒரே பெயரில் வேறு வேறு சாமான்கள் விற்கிறார்கள். பழைய ஹாட் டிஸ்க் அளவில் வருவது 2.5 அங்குல சாட்டா. மெல்லிய பட்டையாக வருவது எம்.2. அந்த எம்.2-க்குள்ளேயே, இணைகிற முறையைப் பொறுத்து, வேகம் குறைந்த சாட்டாவும் உண்டு, வேகம் கூடிய என்விஎம்இயும் உண்டு. பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருந்தாலும், ஒன்றுக்கான ஸ்லொட் மற்றதை ஏற்கும் என்று சொல்ல முடியாது. நீளமும் ஒன்றில்லை: 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம், 2242 என்றால் 42 மி.மீ.தான் நீளம். சில லெப்டொப்களில் இரண்டாவது ஸ்லொட்டே கிடையாது. அங்கே பழைய டிரைவைக் கழற்றிவிட்டுப் பெரியதைப் போடலாமே தவிர, கூடுதலாக ஒன்றைச் சேர்க்க வழியில்லை.

மருமகளின் லெப்டொப்பில் காலியாக ஒரு 2280 என்விஎம்இ ஸ்லொட் இருந்தது. 1 டிபி வாங்கினேன். வேகத்துக்கு அதிகக் காசு கொடுக்கவில்லை. சாட்டா டிரைவ் செக்கனுக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும். மூன்றாம் தலைமுறை என்விஎம்இ 3,500 வரைக்கும், நான்காம் தலைமுறை 7,000 வரைக்கும் போகும். ஆனால் மூன்றாம் தலைமுறை ஸ்லொட்டில் நான்காம் தலைமுறை டிரைவைப் போட்டால் மூன்றின் வேகம்தான் கிடைக்கும். அவள் வேலைக்கு அதுவே தாராளம்.

டவுனில் முதலில் ஏறிய கடை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. லெப்டொப்பைத் திறந்துகூடப் பார்க்காமல், "முழுசா ஃபோர்மட் பண்ணணும், பாஸ்வேர்டை எழுதி வச்சிட்டுப் போங்க, ரெண்டு மூணு நாள் ஆகும்" என்றார்கள். ஏற்கனவே இருக்கிற டிரைவைத் தொடாமல் இன்னொன்றைச் சேர்க்கிற வேலைக்கு ஃபோர்மட் எதற்கு? பாஸ்வேர்ட் எதற்கு? ஒரு பெண் பிள்ளையின் படமும் படிப்பும் உள்ள லெப்டொப்பை, பாஸ்வேர்டோடு ஒரு கடையில் நாள்கணக்கில் விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை. லெப்டொப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டோம்.

இன்னொரு கடை, மாடியில், ஒரே ஒரு அறை. இருந்த தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். டிரைவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து லேபிளைப் பார்த்தான். பிறகு என்னைக் கேட்ட முதல் கேள்வி: "அக்கா, பிட்லொக்கர் கீ இருக்குதா?"

அந்த ஒரு கேள்வியிலேயே ஆள் வேலை தெரிந்தவன் என்று புரிந்தது. விண்டோஸ் 11 உள்ள பல லெப்டொப்களில் டிரைவ் முழுவதும் பிட்லொக்கர் என்ற பூட்டால் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். சொந்தக்காரருக்கே அது தெரிந்திருக்காது. விண்டோஸுக்கு முன்பே ஓடுகிற பயோஸ் என்ற அடிப்படை மென்பொருளில் ஏதாவது மாறிவிட்டால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டுக்கொண்டு திரை நின்றுவிடும். எண் இல்லாவிட்டால் உள்ளே இருப்பதை எடுக்க வழியே இல்லை. மருமகள் தன் மைக்ரோசொஃப்ட் கணக்கில் தேடி, எண்ணை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்ட பிறகுதான் அவன் ஸ்க்ரூ டிரைவரையே கையில் எடுத்தான்.

திறந்த விதத்தையும் சொல்ல வேண்டும். ஒரு வெள்ளைத் தாளில் லெப்டொப்பின் உருவத்தைக் கோடாகப் போட்டான். கழற்றிய ஒவ்வொரு ஆணியையும் அதன் ஓட்டை இருந்த இடத்திலேயே தாளில் குத்தி நிறுத்தினான். "முன்னுக்கு இருக்கிறது குட்டை, பின்னுக்கு இருக்கிறது நெட்டை. மாத்திப் போட்டா கீபோர்ட் பக்கம் முட்டிக்கிட்டு வந்துரும்" என்றான். மூடியை இரும்பால் நெம்பவில்லை. பழைய போன் கார்ட் ஒன்றை ஓரமாக விட்டு, கிளிப் கிளிப்பாக விடுவித்தான். மூடி வந்ததும் பட்டரியின் வயரைக் கழற்றினான். அதற்குப் பிறகுதான் உள்ளே கை வைத்தான்.

ஸ்லொட் காலியாக இருந்தது, டிரைவைப் பிடித்துவைக்கும் ஆணியும் இல்லை. டிரைவ் பெட்டியிலும் பெரும்பாலும் அது வராது. இரண்டு மி.மீ. தடிப்பில், மூன்று மி.மீ. நீளத்தில் ஒரு பொட்டு ஆணி. அது இல்லாவிட்டால் டிரைவ் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டே நிற்கும். மாத்திரை டப்பா ஒன்றைத் திறந்தான்; கழிந்துபோன லெப்டொப்களில் இருந்து எடுத்த ஆணிகள் அளவு வாரியாகப் பிரித்துக் கிடந்தன. ஒன்றைப் பொறுக்கி எடுத்து, டிரைவைச் சரிவாக உள்ளே தள்ளி, மெதுவாக அழுத்திப் படுக்கவைத்து முடுக்கினான். ஆணி தடுத்ததும் கையை எடுத்துவிட்டான். பார்த்துக்கொண்டிருந்த மருமகளிடம், "இதுக்கு மேல முறுக்கினா போர்ட் வெடிச்சிரும் தங்கச்சி" என்றான்.

பக்கத்தில் தோட்டப் பாடசாலை சேர் ஒருவர் காத்திருந்தார். டீவீடி டிரைவ் உள்ள பழைய லெப்டொப். அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் எஸ்எஸ்டி போடலாமா என்று கேட்டார். போடலாம். அதற்கென்று டிரைவைப் பிடித்துவைக்கும் சட்டம் விற்கிறார்கள், 9.5 மி.மீ., 12.7 மி.மீ. என இரண்டு தடிப்பில். ஆனால் தம்பி வேறு யோசனை சொன்னான்: "சேர், எஸ்எஸ்டியை ஹாட் டிஸ்க் இருக்கிற இடத்தில போடுவோம். விண்டோஸ் அதில இருந்தாத்தான் மெஷின் ஸ்பீடாகும். உங்க ஹாட் டிஸ்க்கை அந்தச் சட்டத்தில போட்டுக்கலாம், பாடமெல்லாம் அப்படியே இருக்கும்." கேட்டதை அப்படியே செய்து காசு வாங்கியிருக்கலாம். செய்யவில்லை.

எங்கள் லெப்டொப்பை ஓன் செய்ததும் புது டிரைவைக் காணவில்லை. மருமகள் முகம் சுருங்கிவிட்டது. புது டிரைவ் அப்படித்தான், யாரும் பயப்படத் தேவையில்லை. பயோஸில் பெயர் தெரிந்தால் பொருத்தியது சரி. விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, ஜிபிடி என்ற பிரிப்பு முறையைத் தெரிவுசெய்து, கோப்புகள் வைக்கிற புது வொல்யூம் ஒன்றை உண்டாக்க வேண்டும். அந்த இடத்தில் மட்டும் கண்ணை நன்றாக வைத்துக்கொள்ளுங்கள்: அதே திரையில் பழைய டிரைவும் வரிசையில் இருக்கும், கை வைக்க வேண்டியது ஒதுக்கப்படாதது என்று காட்டுகிற புதியதில்தான். தம்பி மருமகளிடமே மவுஸைக் கொடுத்து, அளவை வாய்விட்டு வாசிக்கச் சொல்லிவிட்டு அழுத்தச் சொன்னான். 1 டிபிக்கு 931 ஜிபி என்று காட்டியது. கம்பனிக்காரர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுவதை விண்டோஸ் 1,024-ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான். இடம் ஒன்றும் காணாமல் போகவில்லை.

கூலி 1,500 ரூபாய் கேட்டான். கூடக் கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டான். ஆணிக்குக் காசு எடுக்கவில்லை. பில்லில் டிரைவின் சீரியல் நம்பரையும் எழுதிக் கொடுத்தான். இந்த மாதிரிக் கைகள் நம் டவுன்களில் இருக்கும்போது எதற்கெடுத்தாலும் கொழும்புக்குக் கட்டிக்கொண்டு போவது எனக்குச் சரியாகப் படவில்லை. டிரைவ் வாங்க வேண்டுமானால் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா பக்கம் போகலாம், தெரிவு அதிகம். இலங்கையிலேயே வாங்கினால் வாரண்டிக்கு அங்கேயே போய் நிற்கலாம் என்பதும் ஒரு வசதி. வெளிநாட்டில் வாங்கியதற்குப் பெரும்பாலும் வாங்கிய நாட்டுக்குத்தான் அனுப்ப வேண்டி வரும். ஒன்லைனில் அடிமாட்டு விலைக்கு 16 டிபி என்று வருகிறவற்றைத் தொடவே வேண்டாம். சின்ன மெமரி கார்டை உள்ளே வைத்து, பெரிய அளவு காட்டும்படி செய்து விற்கிறார்கள். நிரம்பிய பிறகு எழுதுவதெல்லாம் பாழ்.

வீட்டுக்கு வந்து படங்களை எல்லாம் புது டிரைவுக்கு ஏற்றினோம். பழைய இடத்தில் அழிப்பதற்கு முன் வரைபடங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். இரண்டு மூன்று கோப்புகள் பழைய பாதையையே தேடின, அவற்றைத் திருத்தினாள். ஒரே லெப்டொப்புக்குள் இரண்டு டிரைவ் இருப்பதை பேக்அப் என்று எண்ணிவிடக் கூடாது. தண்ணீர் கொட்டினாலும் களவு போனாலும் இரண்டும் சேர்ந்துதான் போகும். அதனால் அவளிடம் இருந்த பழைய எக்ஸ்டர்னல் ஹாட் டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து, பனி ஈரம் ஏறாமல் சிலிக்கா பொட்டலத்தோடு டப்பாவில் போட்டு அண்ணன் வீட்டு அலுமாரியில் வைத்திருக்கிறோம். கெம்பஸில் இருந்து வீட்டுக்கு வரும்போதெல்லாம் புதிதாகச் செய்ததை அதிலும் ஏற்றிவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன்.